சாராயத்துக்கு அண்ணன்

வெள்ளானூர்
9-2-2025, ஞாயித்துக்கெயம

மச்சான் எத்திராஜு,

நான்தான் மாமா துலுக்கானம். நல்லா கீறியா? இங்க உங்க அக்கா சாமுண்டி கீறா, எழிலு கீது, நானும் ஏதோ கீறேன்.

அஞ்சாங்கிளாஸோட நோட்ட மூடுனவன் நானு. அப்பால பேனா புடிச்சது கையெழுத்து போடறதுக்கு மட்டுந்தான். என்ன இப்டி குந்த வெச்சி எழுத வெச்சது நீதான். ஆடி கூழ் ஊத்தறன்னிக்கு பொன்னியம்மன் கோயிலாண்ட எல்லார் மின்னாடியும் சொன்ன பாரு, "இனிமே உன் கொரலே எனக்கு வோணாம் மாமே, போன்ல நீ ஹலோன்னா அங்க கப்பல்ல வாட அடிக்குது"ன்னு. குட்ச்சிட்டு கூழ் அண்டாவுல நான் உயுந்தது தப்புதான். கூழு ஆறியிருந்திச்சி, பொழச்சேன். உங்க அக்கா ரெண்டு நாள் எங்கூட பேசல. மூணாவது நாள் பேசுனா. பேசாமலே இருந்திருக்கலாம்.

எழிலுதான் சொல்லிச்சி, "மாமா கொரல்தானப்பா வோணான்னாரு, எழுத்த வோணான்னு சொல்லலியே. நீ பேப்பர்ல எழுது, நான் போட்டோ புடிச்சி வாட்ஸ்அப்ல அனுப்புறேன்"னு. இன்னா மூள பாரு! உன் அக்கா பொண்ணாச்சே, என்ன மாரி இல்ல.

ஒண்ணு சொல்லணும். அதுக்கு மின்னாடி எருமை கதைய கேளு. ஏரிக்கு அந்தாண்ட பெரிய பிளாட்டு கட்டிகீறான் இல்ல, அதுல உள்ளயே நீச்சல் கொளம். போன வாரம் நம்ப ஊரு எருமை ஒண்ணு கேட்டு தொறந்திருக்கவே உள்ள போயி கொளத்துல எறங்கி குந்திகிச்சி. கம்பூட்டர் கம்பெனி ஜனங்கோ சுத்தி நின்னு வீடியோ எடுக்குது. வாட்ச்மேனு, "யாரு எருமை, யாரு எருமை"ன்னு கத்துறான். அது பாவம், போன வருசம் வரிக்கும் அங்க குட்டை இருந்திச்சி, அந்த நெனப்புல வந்திருக்கு.

இப்ப சொல்றேன். பிப்ரவரி ஒண்ணாந்தேதிலேர்ந்து நான் குடிக்கல. இன்னிக்கி ஒம்போதாவது நாளு. எழிலுக்கு எடம் முடிஞ்சிகீது, கொரட்டூரு பையன், வைகாசில கல்யாணம். தாய்மாமன் நீ வந்து நிக்கணும். அதுக்குத்தான்.

இன்னொண்ணு. போன தபா வந்தப்ப நீ துப்புனது கருப்பா இருந்திச்சி. உங்க அக்கா பாத்துட்டு கொல்லையாண்ட போயி அழுதா. அந்தக் கப்பல்ல இன்னாத்த போட்டு எரிக்கிறீங்கோ மச்சான்?

இப்படிக்கு,
மாமா துலுக்கானம்

*

கப்பல், சிங்கப்பூர் தாண்டி
26-2-2025

மாமே,

உன் லெட்டர நாலு தபா படிச்சேன். கையெழுத்து கோழி கீறுன மாரி கீது, ஆனா நடுங்காத கோழி. எருமை கதைய இஞ்சின் ரூம்ல சொன்னேன், பிலிப்பைன்ஸ்காரன் ஒருத்தன் பாதி புரிஞ்சதுக்கே உயுந்து உயுந்து சிரிச்சான்.

இங்க நெட்டு அளந்துதான் தருவான். உன்ன மாரியே நானும் பேப்பர்ல எழுதி போட்டோவா அனுப்புறேன். நோட்டு தீரப் போவுது, இனிமே ரெண்டு பக்கமும் எழுதுவேன்.

இன்னாத்த எரிக்கிறோன்னு கேட்ட. ரோட்டுக்கு ஊத்தற தாரு கீது இல்ல? அதுக்குத் தம்பின்னு வெச்சிக்க. கச்சா எண்ணெய காச்சி பெட்ரோலு, மண்ணெண்ண, டீசலு எல்லாத்தையும் எடுத்துட்டு, அடில ஒட்டிகினு நிக்குமே அடிபுடிச்ச கொழம்பு, அதான் எங்களுக்கு. ஆறுனா அசையாது. நூத்து முப்பது டிகிரி சூடு காட்டுனாத்தான் இஞ்சினுக்குள்ள எறங்கும். அதுல இருக்கற கந்தகம் பொகையோட போயி, மழையோட திரும்ப வருமாம். அஞ்சு வருசத்துக்கு மின்னாடி கந்தகம் கம்மி பண்ணணும்னு உலகத்துக்கே சட்டம் போட்டாங்கோ. எங்க மொதலாளி இன்னா பண்ணான் தெரியுமா? அதே மலிவு எண்ணெய வாங்கி, பொகைய தண்ணி ஊத்திக் கழுவறான். கழுவுன தண்ணி? கடல்ல. வானத்துலேர்ந்து எடுத்து தண்ணில போட்டுட்டு, சுத்தம்ன்றான்.

கசடு வழிக்கறது என் வேல. துப்புறது கருப்பாத்தான் வரும். ஊர்ல டாக்டரு, "சிகரெட்டு எத்தினி வருசமா?"ன்னாரு. நான் ஒண்ணு கூட புடிச்சதில்ல சார்ன்னேன். நம்பல.

கம்பெனி புதுசா ஒரு கப்பல் எறக்கிகீது, வேற எண்ணெய்ல ஓடுதாம். அதுல மாத்தச் சொல்லி கெஞ்சிகினு கீறேன்.

உனக்கு ஒண்ணு சொல்றேன். தொண்ணூறு நாள் ஓட்டு. மே ஒண்ணாந்தேதி நானே போன் போடறேன். உன் கொரல கேக்கறேன். வைகாசில தாய்மாமன் சீரோட வந்து எறங்கறேன். ஒரு நாள் தவறுனாலும் நான் வர மாட்டேன், சத்தியம்.

இப்படிக்கு,
எத்திராஜு

*

வெள்ளானூர்
16-3-2025

மச்சான்,

நாப்பத்தி நாலாவது நாளு. சாமுண்டி காலண்டர்ல கோடு போட்டுகினு வரா. எனக்கு நம்பிக்கை இல்லாம இல்ல, அவளுக்கு இல்ல.

உன் லெட்டர எழிலு சத்தமா படிச்சிது. தாருக்குத் தம்பின்னு எழுதுன பாரு, அப்ப எனக்கு ஒண்ணு பளிச்சுன்னு பட்டுது. நான் இத்தினி வருசம் ஒயின்ஷாப்புல வாங்கிக் குட்ச்சதும் அதான். அடிபுடிச்ச கொழம்பு. கலரு ஊத்துன கசடு. உன் நெஞ்சு கருப்பாச்சி, என் ஈரலு கருப்பாச்சி. மாமனும் மச்சானும் ஒரே எண்ணெய்லதான் ஓடிகினு இருந்திருக்கோம்.

ஆனா கை நடுங்குது மச்சான். வுட்டா நிக்கும்னாங்கோ, நிக்கல. டாக்டரு நரம்புன்னாரு, மாத்திர குட்த்தாரு. அம்பத்தூர் எஸ்டேட்ல டிரம்மு உருட்டறப்ப ஒண்ணும் தெரியல. டம்ளர் புடிச்சாத்தான் தெரியுது. நம்ப கொடோனுக்கு தின்னரு, அது இதுன்னு டிரம்மு டிரம்மா வருது. எல்லாத்து மேலயும் மண்டையோட்டு படம். பினாயிலு டப்பாலயும் அதே படம். பாத்து பாத்து அவன் நமக்கு பங்காளி மாரி ஆய்ட்டான், போறப்ப வரப்ப "இன்னாடா"ன்னுட்டு போறது.

நிச்சயதார்த்தம் ஏப்ரல் பன்னெண்டாந்தேதி, சனிக்கெயம. பொண்ணுக்கு அப்பன் தாம்பூலத் தட்ட ரெண்டு கையால புடிச்சி மாத்தணும். தேங்கா, பழம், வெத்தல, பூவு. கொரட்டூர் ஜனம் பாத்துகினு நிக்கும். தட்டு ஆடுனா குடிகாரன்னு தெரிஞ்சிடும். குடிக்காதப்பதான் ஆடுதுன்னு நான் யாராண்ட போயி சொல்றது? ஊட்ல காலித் தட்டு வெச்சி பழகிப் பாக்கறேன். சாமுண்டி அடுப்பாண்டேர்ந்து பாத்துட்டு பாக்காத மாரி திரும்பிக்கறா.

புதுக்கப்பல் கெடச்சிதா? அது இன்னா எண்ணெய்? விவரமா எழுது. எழிலு பெரிய கொரல்ல படிக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா

*

புதுக்கப்பல்
2-4-2025

மாமே!

கெடச்சிட்ச்சி. நாலு நாள் கிளாஸு எடுத்து ஏத்தி வுட்டுட்டாங்கோ. இஞ்சின் ரூம்ல வெள்ள பனியன் போட்டுகினு நிக்கறேன், வெள்ளையாவே கீது. பொகைபோக்கி மேல துணி காயப் போடலாம்.

கிளாஸ்ல எல்லா எண்ணெயையும் வரிசையா வெச்சி சொன்னாங்கோ. ஒண்ணு, வாயு. கல்லு மாரி குளுர வெச்சி தண்ணியாக்கி எடுத்துகினு போறது. பொகை கம்மி, கந்தகம் இல்ல. ஆனா எரியாம தப்பிச்சிப் போற வாயு, பொகைய வுட வானத்த சூடாக்குமாம். இன்னொண்ணு, அமோனியா. எரிஞ்சா கரியே கெடையாதாம், ஆனா குழாய்ல கசிஞ்சா ஆளு காலி. அதுக்கு ஆளுங்களே பயப்படறாங்கோ.

எங்க கப்பலுக்கு இந்த ரெண்டும் இல்ல. தண்ணி மாரி தெளிவா ஒண்ணு. சூடு காட்ட வோணாம், கசடு இல்ல, வழிக்கற வேல இல்ல. கொஞ்சூண்டு டீசல காட்டி பத்த வெச்சா நீலமா எரியுது. பகல்ல அதோட நெருப்பு கண்ணுக்கே தெரியாது மாமே, அவ்ளோ சுத்தம்! பத்து நாளா நான் துப்பறதுல கருப்பு கம்மியாய்ட்ச்சி, அக்காவாண்ட சொல்லு.

அதுக்குப் பேரு மெத்தனாலு. அது இன்னான்னு கேட்டா சிரிப்ப. நீ அங்க வுட்டுட்டு தவிக்கற பாரு சாராயம், அதோட கூடப்பொறந்த அண்ணன்! நீ குடிய வுட்ட நேரம் பாத்து உன் மச்சான் சாராயக் கப்பல் ஏறிட்டேன் மாமே. தம்பி கண்ண காட்டி கெடுக்கறவன், அண்ணன் தங்கமானவன்.

*

வெள்ளானூர்
27-4-2025

மச்சான் எத்திராஜுக்கு,

கையெழுத்து மாறியிருக்கேன்னு பாக்காத. டிரம்மு நழுவி கை மேல உயுந்துட்ச்சி. நான் சொல்றேன், எழிலு எழுதுது. நிச்சயதார்த்தம் நல்லா நடந்துட்ச்சி. தட்டு ஆடல. ஒரு பூ கூட கீழ உயல. கொரட்டூர் சம்பந்தி என் கையப் புடிச்சி, "உறுதியான மனுசன்"ன்னாரு.

வேலக்கி போவல. ஊட்லதான் கீறேன். இந்நேரம் அங்க வெளிச்சமா, இருட்டா? வெயிலு எப்டி அடிக்குது? கடலு இன்னா கலரு? சும்மா கேக்கறேன். எழுதுனா நல்லா இருக்கும்.

பகல்ல அந்த நெருப்பு கண்ணுக்குத் தெரியாதுன்னு எழுதியிருந்த. அதயே நெனச்சிகினு கீறேன்.

நீ ஜாக்கிரதையா இரு.

இப்படிக்கு,
மாமா

*

கப்பல்
2-5-2025

மாமே,

நேத்தோட தொண்ணூறு. சொன்ன மாரி போன் போட்டேன். அக்கா எடுத்தா. "மாமாவாண்ட குடு"ன்னேன். அழுதா, வெச்சிட்டா. திரும்பப் போட்டேன், எடுக்கல. கை ஒடஞ்சவனுக்கு வாய் இன்னா ஆச்சி? போன காதாண்ட புடிக்க எழிலு இல்ல?

மறுபடி ஆரம்பிச்சிட்டியா? உண்ம சொல்லு. நான் திட்ட மாட்டேன்.

கடலு கலரு கேட்ட. நீலம். அத வுட்டா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. இந்தக் கப்பலு சுத்தம்னு ஊரெல்லாம் படம் புடிச்சிகினு போறான். ஆனா ரெண்டாவது இஞ்சினீரு நேத்து சொன்னாரு, இந்த மெத்தனாலையே பூமிலேர்ந்து எடுக்கற வாயுலதான் செய்யறானாம், அதுக்கு எங்கியோ ஒரு ஃபேக்டரி பொகை வுடுதாம். குப்ப, சாணிலேர்ந்து செய்யறது ரொம்ப கம்மி. ஆக பொகை போவல மாமே. நம்ப கண்ணு மின்னாடி இல்ல, அவ்ளோதான். எனக்கு இருமல் திரும்ப வந்துட்ச்சி. நெஞ்சுல பழசு எறங்க வருசம் ஆவும்ன்றாங்கோ.

இன்னொண்ணு கேக்கணும். போன லெட்டருக்கு பின்பக்கம் கீது. அந்தப் போட்டோ நெட்டு இல்லாம கடியாரக் குறி போட்டு நின்னுகிச்சி. பதிமூணாந்தேதிதான் உனக்கு வந்திருக்கும். படிச்ச இல்ல?

பதில் போடு. சீக்கிரம்.

எத்திராஜு

*

வெள்ளானூர்
11-5-2025

மச்சான்,

இதுவும் எழிலு எழுத்துதான். எடையில எடையில நிறுத்தி மூக்க உறிஞ்சுது. எழுது கண்ணு, அதயும் எழுது.

டிரம்மு உயல. கை நல்லா கீது. கண்ணு பூட்ச்சி.

மொதல்லேர்ந்து சொல்றேன், எனக்கு வேற மாரி சொல்லத் தெரியாது. உன் லெட்டர எழிலு படிச்சி முடிச்சிச்சி. "மாமா இப்படிக்குன்னு கையெழுத்து போடலியேப்பா"ன்னுச்சி. "வேலல இருந்திருப்பான்"ன்னேன். அப்டியே மனசுல ஓடிகினே இருந்திச்சி. தாருக்குத் தம்பிய வுட்டுட்டு சாராயத்துக்கு அண்ணன் கிட்ட போன நீ, நெஞ்சு வெளுத்து கீற. அப்ப ஒயின்ஷாப்பு கசடு வேற, இது வேறதான? நம்ப கொடோன்ல அதே பேரு டிரம்மு கீது. சத்தியம் பண்ணது கசடுக்குத்தானன்னு என்னயே ஏமாத்திகினேன்.

டிவில சொல்றாங்கோ இல்ல, மெத்தனால் கலந்த சாராயத்தக் குட்ச்சி செத்தாங்கோன்னு. எனக்குத் தெரியாம இல்ல. ஆனா கலந்ததாலதான் செத்தாங்கோன்னு நெனச்சேன் மச்சான். எவனோ காட்டுல கலக்கறான், கலப்படம். இது கலக்காதது, சீலு வெச்சது, வெள்ளக்காரன் கப்பலுக்கு ஊத்தறது. கலக்காத பாலு நல்லது, கலக்காத நெய்யி நல்லது. இதயும் அப்டி நெனச்சிட்டேன்.

வெள்ளிக்கெயம டிபன் கேரியர்ல கொஞ்சம் எடுத்துகினு வந்தேன். சனிக்கெயம சாயங்காலம் நிச்சயத்துக்கு கொரட்டூர்காரங்கோ வரதுக்கு மின்னாடி, அர டம்ளரு, கோலி சோடா ஊத்தி. கை நின்னுட்ச்சி. தட்டு ஆடல. நான் உனக்கு எழுதுனது பொய் இல்ல.

மறாநாளு காலைல எந்திரிச்சா ஒரே வெள்ள. பால் குண்டான்ல தல வுட்ட மாரி. "பனி பெய்யுதா சாமுண்டி?"ன்னேன். "நாளைக்கி சித்திரை பொறக்கப் போவுது, இன்னா பனி"ன்னா. அந்நேரம் எழிலு போன் டிங்ன்னுச்சி. "மாமா அனுப்பிகீறாரு, பின்பக்கமாம்"ன்னு படிக்குது. "மாமே, வெளாட்டுக்கு சொன்னேன். அண்ணன் விஷம். ஒரு மூடி கூட வாயில வெச்சிடாத, கண்ணு மொதல்ல பூடும், அப்பால உசிரு. உன் கொடோன்ல கூட வரும், கிட்ட போவாத. இப்படிக்கு எத்திராஜு"ன்னு. படிச்சிட்டு நிறுத்துச்சி. சாமுண்டி, "இன்னா குட்ச்ச?"ன்னா. ஒரே கேள்விதான்.

உன் பின்பக்கத்த காட்டித்தான் ஆசுபத்திரில இன்னான்னு கண்டுபுடிச்சாங்கோ. உசிரு அதுலதான் நிக்குது. ரத்தத்த வெளிய எடுத்து மெஷின்ல கழுவுனாங்கோ, உன் பழைய கப்பலு பொகைய கழுவற மாரி. அப்பால மூக்குல குழாய் வெச்சி இன்னா ஊத்துனாங்கோ தெரியுமா? சாராயம். டாக்டரு சொன்னாரு, அண்ணன் உள்ள போவாம இருக்கணும்னா தம்பிய கொண்டாந்து வாசல்ல நிக்க வெக்கணும்னு. நான் கேட்டேன், "சார், இதுல என் கணக்கு ஒடஞ்சிடுமா? எழுவத்தி ரெண்டாவது நாளு"ன்னு. நர்சம்மா வெளிய போய்ட்டாங்கோ.

நீ சொல்லு. ஒடஞ்சிட்ச்சா?

கொரட்டூர்காரங்கோ ஒண்ணும் சொல்லல. வந்தாங்கோ, ஹார்லிக்ஸு வெச்சாங்கோ, போனாங்கோ. அப்பால போன் இல்ல. சாமுண்டி காலண்டர்ல கோடு போடறத நிறுத்திட்டா. எழிலு சொல்லலன்னாலும் எனக்குத் தெரியும், காலண்டர் ஆணில கட்டித் தொங்க வுட்ட பேனா காத்துல டக் டக்ன்னும். இப்ப சத்தம் வரல, பேனாவ கயட்டிட்டா போல.

இனிமே லெட்டர் எழுதாத மச்சான். இந்தப் பொண்ணு பாவம், எத்தினி தபா படிக்கும், எத்தினி தபா எழுதும். போன் பண்ணு. எனக்கு இப்ப கொரலு மட்டுந்தான் மிச்சம். உன் சத்தியத்த எடுத்துடு.

இப்படிக்கு,
மாமா துலுக்கானம்

*

கப்பல்
18-5-2025

மாமே,

எழுதாதன்ன. எழுதறேன்.

நேத்து போன் போட்டேன். நீயே எடுத்த. "யாரு? மச்சானா?"ன்ன. வாட அடிக்கல மாமே. சுத்தமான கொரலு. நான் வெச்சிட்டேன். நீ "ஹலோ ஹலோ"ன்னு கூப்டது காதுலயே கீது. சாப்பாட்டுக்கு குந்துனா கூப்புடுது, இஞ்சினாண்ட நின்னா கூப்புடுது.

இங்க எல்லாம் அப்டியேதான் ஓடுது. பொகை இல்ல. மேல நின்னு பாத்தா, வந்த வழில வானம் கழுவி வெச்ச மாரி கீது. துறைமுகத்துக்கு துறைமுகம் கைதட்டறாங்கோ. பகல்ல அந்த நெருப்பு எரியறது யாருக்கும் தெரியல.

உன் கணக்கு ஒடயல. என் சத்தியந்தான் ஒடஞ்சிது.

கம்பெனில லீவு கேட்டேன், அடுத்த மாசம் பாக்கலாம்ன்றான். வந்தாலும் உன் எதுர்ல எப்டி நிப்பேன்? நான் நிக்கறதே உனக்குத் தெரியாது. வாசல்லயே நின்னுட்டுப் பூடுவேனோன்னு எனக்கே பயமா கீது.

இனி பின்பக்கம் எழுதறேன்.

மாமே, அந்தப் போட்டோ கடியாரக் குறி போட்டு நிக்கல. நான் அனுப்பவே இல்ல. மொதல் பேப்பர்ல விஷம்னுதான் மேல எழுதுனேன். அப்டி எழுதுனா அண்ணன்ற வெளாட்டு சப்புன்னு பூடும்னு கிழிச்சிட்டு, வெளாட்ட மின்பக்கம் வெச்சேன், விஷத்த பின்பக்கம் வெச்சேன். மின்பக்கம் அனுப்புனப்பறம் கொஞ்சம் நெட்டு மிச்சம் இருந்திச்சி. மேட்ச்சு ஓடிகினு இருந்திச்சி. அத பாத்தேன். நாளைக்கி அனுப்பலாம்னு இருந்தேன். அப்பால மறந்துட்டேன். பதிமூணாந்தேதி நோட்ட பொரட்டறப்ப கண்ணுல பட்டுது. பட்டவொடனே அனுப்புனேன்.

பதினோரு நாளு.

எழிலு, இத அப்பாவுக்குப் படிக்கறதா வோணாமான்னு நீயே முடிவு பண்ணு கண்ணு. ரெண்டு பக்கமும் போட்டோ புடிச்சிட்டேன். இந்த தபா பின்பக்கத்த மொதல்ல அனுப்பறேன்.

இப்படிக்கு,
எத்திராஜு